வன்னி இருட்டில் ஒரு சுவரைத் திரையாக்குதல்: திறந்தவெளி ஒளி, ஒலிக் கலைக்கு முழுமையான வழிகாட்டி

திறந்தவெளியில் புரொஜெக்டர் கொண்டு கலை செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும், “எத்தனை லூமன் எடுக்க வேண்டும்?” என்பதைத்தான். லூமன் என்பது புரொஜெக்டர் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. வன்னியில் அந்தக் கேள்வியை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்டால் போதும். கொழும்பிலோ சென்னையிலோ விளம்பரப் பலகைகளோடும் வாகன விளக்குகளோடும் போட்டிபோட்டுத்தான் படம் காட்ட முடியும். அங்கே வெளிச்சத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இரவு எட்டு மணிக்கு இருக்கும் இருட்டு அவர்களுக்கு எந்த விலைக்கும் கிடைக்காது. ஆனால் அங்கே கேளாமலே கிடைக்கும் சீரான மின்சாரமும், மழைக்கு ஒதுங்கக் கூரையும், பழுதானால் அரை மணியில் வந்துசேரும் மாற்றுக் கருவியும் இங்கே பெருஞ்செலவு. ஆகவே வரவு செலவுத் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள்: ஒளிக்குக் குறைவாக, மின்சாரத்துக்கும் பிடிமானத்துக்கும் ஒலிக்கும் கூடுதலாக.

கணக்குகள் கையில் பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு கிராமத்து நெற்களஞ்சியத்தின் பக்கச் சுவர். அதில் 12 மீற்றர் அகலமான படம். இருபது நிமிடப் படைப்பு, மூன்று இரவுகள், இரவுக்கு இருநூறு முன்னூறு பேர்.

முதற்படி: சுவரை இரவில் போய்ப் பாருங்கள்

பகலில் அழகாகத் தெரியும் சுவர் இரவில் வேறொன்று. நிகழ்ச்சி நடக்கவுள்ள அதே நேரத்தில் போய் நில்லுங்கள். எந்தக் கடையின் குழல்விளக்கு சுவரில் விழுகிறது, எந்த வளைவில் திரும்பும் லொறியின் வெளிச்சம் சுவரைத் துடைத்துச் செல்கிறது, கோயில் மணிக்கூண்டு விளக்கு எப்போது அணைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு லக்ஸ்மானி, அதாவது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் கருவி, வாங்கிக்கொள்ளுங்கள், 0.1 லக்ஸ் வரை காட்டக்கூடியதாக இருக்கட்டும். கைபேசிச் செயலிகள் இந்த அளவு இருட்டில் உளறும்.

பறுவ நாளைக் கண்டு பயப்பட வேண்டாம். உச்சி வானில் முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறத்தாழ 0.3 லக்ஸ்தான். ஒரு தெருவிளக்கின் கீழே 10 லக்ஸ் சாதாரணம். நிலவுக்குப் பயந்து திகதி மாற்றுகிறவர்கள், சுவரின் மூலையில் எரியும் ஒற்றை விளக்கை அணைக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுத மறந்துவிடுகிறார்கள். போயா விடுமுறையில் வெளியூரில் வேலை செய்கிறவர்களும் வீட்டில் இருப்பார்கள் என்பது மேலதிக வசதி.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் நவம்பர் நடுவில் மாலை 5.45 அளவில் சூரியன் மறையும், ஜூலையில் 6.30 தாண்டும். மறைந்து ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் படம் தொடங்கும் அளவுக்கு இருட்டிவிடும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நவம்பர் நேரம் தோது. ஆனால் அது வாடைக்காற்று மழையின் நடுக்காலம். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களே எனக்குப் பிடித்தவை. நிலம் காய்ந்திருக்கும், ஆட்களுக்கு நேரம் இருக்கும். வைகாசி தொடக்கம் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, புழுதியோடு வரும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் பொங்கலும் வரும். அதனோடு போட்டியிட நினைக்காதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும். பரீட்சைக் காலங்களைப் பாடசாலை அதிபரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவரின் மேற்பரப்பு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் எழுபது, எண்பது வீதத்தைத் திருப்பி அனுப்பும். மழைக்கறை படிந்த சீமெந்துச் சுவர் முப்பது வீதம் அனுப்பினால் அதிகம். உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு கை சுண்ணாம்பு அடிப்பது, புரொஜெக்டரின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மினுங்கும் எனாமல் வர்ணம் வேண்டாம்: நடுவில் ஒரு பளபளப்பு வட்டம் விழும். கண்ணாடி யன்னல்கள் ஒளியை விழுங்கும். உட்புறமாக வெள்ளைத் துணி கட்டுங்கள். செங்கல் நீல நிறத்தைத் தின்றுவிடும். குளத்து நீரில் நேரடியாகப் படம் விழுத்தலாம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நீர் ஒளியைப் பிடித்துவைக்காது, ஊடுகடத்தும் அல்லது ஆடிபோல் வேறு பக்கம் தெறிக்கவிடும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீர்ப்பரப்பு எவ்வளவு பெரிதானாலும் அது திரை ஆகாது.

சுவரே இல்லாத இடத்தில் துணி கட்டுவார்கள். கட்டும் முன் ஒரு பெருக்கல் செய்யுங்கள். காற்றின் வேகத்தை செக்கனுக்கு மீற்றரில் எடுத்து, வர்க்கித்து, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். செக்கனுக்கு 10 மீற்றர் வேகக் காற்று ஆறுக்கு நான்கு மீற்றர் துணியை ஏறத்தாழ 150 கிலோ பாரத்தின் விசையோடு இழுக்கும். சோளகத்தில் அந்த வேகம் அபூர்வமல்ல. கமுகு மரக் கம்பங்கள் அதைத் தாங்காது. துணிதான் வழி என்றால் வலைத்துணி எடுங்கள். காற்று கூடினால் ஒரே இழுப்பில் இறக்கக்கூடிய கயிற்று முடிச்சு போடுங்கள்.

இன்னொரு வகைச் சுவர் இருக்கிறது: சன்னம் துளைத்த சுவர். வெளியிலிருந்து வரும் கலைஞரின் கண் முதலில் அதில்தான் போய் ஒட்டும். துளைகளில் ஒளி விழுந்தால் நன்றாகத் தெரியும் என்பதும் உண்மை. அது யாருடைய வீடு, அதற்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டறியாமல் அதைத் திரையாக்க வேண்டாம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போரில் வீழ்ந்த நீர்த்தாங்கி போன்ற, ஊரறிந்த சிதைவுகளுக்கும் இதே நியாயம்தான். சம்மதம் கிடைத்தால் செய்யுங்கள். தயக்கம் தெரிந்தால் நெற்களஞ்சியத்துக்குத் திரும்புங்கள். அங்கும் நல்ல கலை செய்யலாம்.

இரண்டாம்படி: நிலம்

உலகத்தின் எந்தக் கைநூலிலும் இந்தப் பகுதி இவ்வளவு முன்னால் வராது. வன்னியில் கோபுரக் கயிற்றுக்கு முளை அடிப்பதும், புவித்தொடுப்புக் கம்பி இறக்குவதும், கேபிள் புதைக்க வாய்க்கால் வெட்டுவதும் நிலத்தைத் தோண்டும் வேலைகள். கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்கள் குடியிருக்கும் காணி ஒன்று. பற்றை மண்டிய அயற்காணி இன்னொன்று. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தக் காணி விடுவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் முளை அடிக்காமல், நீர் நிரப்பிய தாங்கிகளையோ கொங்கிரீட் கட்டைகளையோ பாரமாக வைத்துக் கோபுரத்தை நிறுத்துங்கள். நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்கும் ஒளிப்படக்காரரை முதல் நாளே எச்சரித்துவிடுங்கள். இனந்தெரியாத இரும்பு எதையும் தொடாமல் பொலிஸுக்கு அறிவிப்பது ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கொழும்பிலிருந்து வரும் தொழில்நுட்பக் குழுவுக்குச் சொல்லித்தான் தெரியும்.

காட்டோரக் குளக்கட்டு என்றால் யானை வரும் வழியைக் கமக்காரர்களிடம் கேளுங்கள். புல்லை ஒரு வாரம் முன்னதாக வெட்டுங்கள், பாம்புக்காக. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற உயர் நீதிமன்றத்தின் 2007 ஆம் ஆண்டுக் கட்டளை நாடு முழுவதற்கும் உரியது. வீதியோரம் என்றால் வீதிக்குப் பொறுப்பான நிறுவனம், குளக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும். அவர்கள் கூட்டத்தில் ஒருமுறை போய் உட்கார்ந்து, என்ன காட்டப் போகிறீர்கள் என்று கதையைச் சொல்லிவிடுங்கள். பாதி ஏற்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாம்படி: இப்போது லூமன்

12 மீற்றர் அகலம், பதினாறுக்கு ஒன்பது விகிதம் என்றால் உயரம் 6.75 மீற்றர், பரப்பு 81 சதுர மீற்றர். லூமனைப் பரப்பால் வகுத்தால் லக்ஸ். 6,000 லூமன் கருவி 74 லக்ஸ் தரும் என்று வரும். நிறச் சரிசெய்தல், லென்ஸ் இழப்பு, விளிம்பில் மங்கல் எல்லாம் போக, கையில் கிடைப்பது எழுபது வீதம் என்று வையுங்கள்: 52 லக்ஸ். அதைச் சுவரின் தெறிப்பு வீதத்தால் பெருக்கி 3.14 ஆல் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் பிரகாசம். சுண்ணாம்புச் சுவரில் அது சதுர மீற்றருக்கு 11 கண்டெலாவுக்குச் சற்று மேல். கறைபடிந்த சுவரில் 5. திரையரங்குகளுக்கான நியமம் 48. அதோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திறந்தவெளியில் 10 தாராளம்.

அதே சுவரில் ஒரு தெருவிளக்கின் 10 லக்ஸ் விழட்டும். படத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 6 க்கு 1 ஆகச் சுருங்கிவிடும். முகங்கள் சாம்பல் பூசியதுபோல் ஆகும். அந்த விளக்கின் கெடுதியைப் புரொஜெக்டரால் மட்டும் வெல்ல நினைத்தால் இருபதாயிரம், முப்பதாயிரம் லூமன் வாடகைக்கு எடுத்து, அதற்கு வேறு மின்பிறப்பாக்கி பூட்டி, தூக்க ஆறு பேர் வைக்க வேண்டும். ஒரு சுவிட்சை அணைப்பது எளிது.

என் பரிந்துரை, 12,000 லூமன் கருவி ஒன்றைவிட 6,000 லூமன் கருவிகள் இரண்டு. இரண்டையும் ஒரே படத்தின்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். பொருத்துவதற்கு நேரம் எடுக்கும், ஒவ்வொரு மாலையும் சற்று விலகியிருக்கும், திருத்த வேண்டும். ஆனாலும் ஒன்று செத்தால் மற்றது நிகழ்ச்சியைக் கொண்டுபோகும். பாதி ஒளியைக் கண் பாதியாக உணர்வதில்லை. கூட்டத்தில் பலர் கவனிக்கவே மாட்டார்கள். விலைப்பட்டியலில் “லூமன்” என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அன்சி அல்லது ஐஎஸ்ஓ 21118 என்ற நியம முறையில் அளந்த எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் “10,000 லூமன்” பெட்டிகள் சுவரில் சில நூறு லூமனைக் காட்டினால் பெரிய காரியம்.

விளக்குக் கருவியா, லேசர் கருவியா? லேசரின் ஒளிமூலம் 20,000 மணிநேரம் நிற்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். மூன்று இரவு நிகழ்ச்சிக்கு அது பொருட்டே அல்ல. மின்சாரம் போய் வரும்போது சூடான பாதரச விளக்கு உடனே பற்றாது; ஆறும்வரை சில நிமிடங்கள் கூட்டத்தை இருட்டில் வைத்திருக்க வேண்டும். லேசர் மின்சாரம் வந்த கையோடு எழுந்துவிடும். வன்னியில் லேசரைத் தேர்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நான்காம்படி: கோபுரம்

எறிவிகிதம், அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் கருவி நிற்க வேண்டும் என்பது, 1.5 என்றால் 12 மீற்றர் அகலத்துக்கு 18 மீற்றர் தூரம் வேண்டும். நாடா பிடித்து அளந்து, அந்த இடத்தில் கோபுரம் நிற்க முடியுமா என்று பாருங்கள். கிணறோ பனையோ நின்றால் வேறு விகித லென்ஸ் கேட்க வேண்டிவரும். படத்தின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து 2 மீற்றர், லென்ஸ் 3.5 மீற்றர் உயரம் என்று வைத்தால் இடையில் எழுந்து நடப்பவரின் நிழல் சுவரில் விழாது. நிழலுக்காக மட்டுமல்ல: லென்ஸுக்கு அருகில் நின்று லேசர் ஒளிக்குள் நேரே பார்ப்பது கண்ணுக்குக் கேடு. தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளையின் தலை எந்த உயரத்துக்கு வரும் என்று கணக்கிட்டுக் கோபுரத்தைச் சுற்றி வேலி போடுங்கள்.

சாய்வாக விழும் படத்தைச் சதுரமாக்க மென்பொருள் திருத்தத்தை நாடாதீர்கள். லென்ஸை மேலும் கீழும் நகர்த்தும் வசதியுள்ள கருவியை எடுங்கள். மென்பொருள் திருத்தம் ஒளியையும் புள்ளிகளையும் வீணாக்கும். சுவருக்கு மிக அருகிலிருந்து வீசும் குறுந்தூர லென்ஸ்கள் மேடு பள்ளமான சுவரில் நீண்ட நிழல்களை இழுக்கும். சீமெந்துப் பூச்சு உரிந்த சுவருக்கு அவை ஆகாது.

கோபுரத்தின் உறுதியில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 12 மீற்றரில் 1,920 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி சுவரில் 6.25 மில்லிமீற்றர். 18 மீற்றர் தூரத்தில் அந்த அளவு நகர, ஒரு மீற்றர் அகலக் கோபுரத்தின் ஒரு கால் மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு அமிழ்ந்தால் போதும். பகல் வெயிலில் இறுகிய களி மண், இரவு மழையில் அதைவிடப் பல மடங்கு இளகும். கால்களுக்குக் கீழே தடித்த பலகை வையுங்கள். சாரத்தின் குறுக்குக் கம்பிகளை எல்லாப் பக்கமும் பூட்டுங்கள். தொழில்நுட்பக்காரர் உட்காரும் மேடை புரொஜெக்டர் நிற்கும் கோபுரத்தோடு ஒட்டியிருக்கக் கூடாது. அவர் தேநீர்க் கோப்பையை வைக்கும்போது சுவரில் படம் ஆடும்.

ஐந்தாம்படி: சுவரோடு படத்தைப் பொருத்துதல்

யன்னல், தூண், கூரைவிளிம்பு ஆகியவற்றோடு படம் ஒட்டி நிற்க வேண்டும் என்றால் வரைபடத்தை நம்பாதீர்கள். பழைய களஞ்சியம் எதுவும் வரைபடத்தில் உள்ளபடி நிற்பதில்லை. எளிய வழி, புரொஜெக்டரையே அளவுகோலாக்குவது. கருவியை இறுதி இடத்தில் பூட்டி, கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுட்டியால் நகர்த்தி, சுவரின் ஒவ்வொரு விளிம்பையும் நேரில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். கிடைப்பது புரொஜெக்டரின் கண்ணில் சுவர் எப்படித் தெரிகிறதோ அந்த வரைபடம். அதன்மேல் அசைவூட்டம் செய்தால் பொருந்தும். லென்ஸுக்கு நேர் கீழே தூக்குக்குண்டு விட்டு நிலத்தில் அடையாளமிடுங்கள். உயரம், சாய்வு, லென்ஸ் நிலை எல்லாவற்றையும் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். கோபுரத்தைக் கழற்றி மறுபடி பூட்ட நேர்ந்தால் அந்தக் குறிப்பு ஒரு முழு இரவை மிச்சப்படுத்தும்.

மென்பொருளுக்கு மேட்மேப்பர், ரிசோலூம் அரீனா இரண்டும் பரவலாகப் புழங்குபவை. காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாக விபிடி இருக்கிறது. சிறிய, மாறாத வேலைக்கு ராஸ்பெரி பை கணினியில் ஓடும் பைமேப்பர் போதும். முப்பரிமாணச் சுவர் மாதிரிக்குப் பிளெண்டர். தெரியாத மென்பொருளின் புதிய வசதியைவிடத் தெரிந்த மென்பொருளின் பழைய வசதி இரவு ஏழு மணிக்கு உதவும்.

கணினியிலிருந்து கோபுரத்துக்குப் படம் போகும் கேபிளில் பலர் இடறுகிறார்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10, 15 மீற்றருக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. எச்டிபேஸ்டி எனப்படும், படச் சமிக்ஞையை அனுப்பிப் பெறும் பெட்டி ஜோடி ஒன்று, கணினி வலையமைப்புக்குப் பயன்படும் நல்ல கேட்6 கம்பியில் 100 மீற்றர் வரை முழு உயர்தரப் படத்தைக் கொண்டுபோகும். ஒளிபரப்பில் புழங்கும் எஸ்டிஐ கம்பியும் அந்தத் தூரம் போகும். எதுவானாலும் இரண்டு கம்பிகள் இழுங்கள், ஒன்று சும்மா கிடக்கட்டும்.

ஆறாம்படி: எதைக் காட்டுவது

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது; கறுப்பு என்பது சுவரின் சொந்த இருட்டு. நல்ல திறந்தவெளிப் படைப்புகளில் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும், உருவங்கள் அதிலிருந்து எழும். சட்டம் முழுவதும் வெள்ளையாகும் காட்சி சுவரின் நாற்புற எல்லையைக் காட்டிக்கொடுத்து, “இது வெறும் படம்” என்று சொல்லிவிடும். பூச்சிகளையும் அழைக்கும்.

தமிழ் எழுத்தைச் சுவரில் போடும்போது மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமற்போகும். 30 மீற்றர் தூரத்தில் இருப்பவர் வாசிக்க எழுத்தின் உடல் 25 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. கரடுமுரடான சுவரில் இன்னும் பெரிதாக வேண்டும். மெல்லிய கோட்டு எழுத்துருக்கள் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. வாய்விட்டு மெதுவாக இருமுறை வாசித்து முடியும்வரை அது சுவரில் நிற்கட்டும்.

ஊரின் கதையை எடுத்தால் எடுக்கக் குறைவில்லை. 1902 இல் தொடங்கிய இரணைமடுக் கட்டுமானம், கற்சிலைமடுவில் நினைவுகூரப்படும் வன்னி மன்னன் பண்டாரவன்னியன், கூத்து, குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் கமம் செய்த முதல் தலைமுறை. குடும்பப் படங்களைச் சேகரித்துக் காட்டுவது எப்போதும் கூட்டத்தைக் கட்டிப்போடும். ஆனால் 2009 க்கு முன்னரும் அவ்வாண்டிலும் பல வீடுகளின் படப்பெட்டிகள் பதுங்குகுழிகளிலும் கடற்கரையிலும் தொலைந்தன. தப்பிய படம் ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த வீட்டின் பெருஞ்சொத்து. அதை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேனரை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் முகத்தை 7 மீற்றர் உயரத்தில் சுவரில் எழுப்புவதற்கு முன், தாய் அதைத் தனியாக ஒருமுறை பார்க்கட்டும்.

ஏழாம்படி: ஒலி

இங்கேதான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் தோற்கின்றன. படம் மங்கலானால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு விளங்காவிட்டால் பதினைந்து நிமிடத்தில் கலையும்.

சுவரின் இரு பக்கமும் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் விழும். 5 மீற்றரில் 95 டெசிபெல் என்றால் 40 மீற்றரில் 77. முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார், பின்னால் இருப்பவர் “என்னவாம்?” என்பார். மாறாகச் சிறிய பெட்டிகளைக் கூட்டத்தின் நீளத்துக்குப் பரப்புங்கள். 20, 25 மீற்றருக்கு ஒரு ஜோடி. பின்வரிசைப் பெட்டிகளுக்கு ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி போலக் குழம்பும். நம் ஊர்ச் சூட்டில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 347 மீற்றர் போகும். 30 மீற்றருக்கு 86 மில்லிசெக்கன். அதோடு இன்னொரு 10, 15 மில்லிசெக்கன் கூட்டினால், ஒலி சுவரிலிருந்தே வருவதாகக் காது ஏமாறும். புரொஜெக்டரும் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டும். கைதட்டும் காட்சி ஒன்றை ஓடவிட்டு உதட்டசைவோடு சரிசெய்யுங்கள்.

கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் புனல் ஒலிபெருக்கியைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். தாழ்சுருதி அதில் வராது, பாட்டுக்கு ஆகாது. ஆனால் பேச்சு தெளிவாகத் தூரம் போகும். வெளி வரிசைகளுக்கு அறிவித்தல் சொல்ல அதற்கு நிகரில்லை. இரவில் நிலத்தையொட்டிய குளிர்காற்று ஒலியைக் கீழே வளைத்து வெகுதூரம் கொண்டுசெல்லும், குளத்துக்கு மேலால் இன்னும் அதிகம். அக்கரை வீடுகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒலியில் இன்னொரு பொறுப்பு உண்டு. வேவு விமானத்தை “வண்டு” என்று அழைத்த ஊர் இது. தாழ்சுருதியில் நீளும் இரைச்சல், திடீர் அதிர்வு, வானிலிருந்து இறங்கும் வெண்ணொளி ஆகியவை ஓர் ஐரோப்பிய நகரச் சதுக்கத்தில் வெறும் விளைவுகள். இங்கே பதுங்குகுழியில் இருந்தவர்களின் உடம்பு அவற்றை முந்திக்கொண்டு உணரும். அவை படைப்புக்கு இன்றியமையாதவையா என்று கடுமையாகக் கேளுங்கள். இன்றியமையாதவையென்றால் தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லி, எழுந்துபோக வெளிச்சமான வழி ஒன்று விடுங்கள். கூட்டத்துக்கு மேலால் டிரோன் பறக்கவிட்டுப் படமெடுப்பது பற்றியும் இதே யோசனை.

எட்டாம்படி: மின்சாரம்

கணக்கு: லேசர் கருவிகள் இரண்டு 1,000 வாட், ஒலி 600, கணினிகளும் பெட்டிகளும் 300, வேலை விளக்குகள் 100. மொத்தம் 2 கிலோவாட். 5 கேவிஏ மின்பிறப்பாக்கி 4 கிலோவாட் தரும். பாதிச் சுமையில் சீராக ஓடும். இன்வேட்டர் வகை கிடைத்தால் அதையே எடுங்கள், அதன் மின்னலை சுத்தமானது.

கிராமத்துக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். மின்மாற்றியிலிருந்து தூரத்தில் உள்ள வீடுகளில் மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் வோல்டளவு இறங்கும், நம் நிகழ்ச்சியும் அதே நேரத்தில். மூன்று மாலைகள் அளந்து குறியுங்கள். 230 க்குப் பதிலாக 200 க்குக் கீழே கண்டால் மின்பிறப்பாக்கியை முதன்மையாக்கி, கம்பி மின்சாரத்தை வேலை விளக்குகளுக்கு விடுங்கள். இரண்டையும் ஒருபோதும் ஒரே கம்பியில் இணைக்க வேண்டாம். மின்கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. படமும் ஒலியும் ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஊளைச்சத்தம் கேட்கும். கணினிக்கும் சமிக்ஞைப் பெட்டிகளுக்கும் யூபிஎஸ் கட்டாயம்.

மின்பிறப்பாக்கியைக் களஞ்சியத்துக்குப் பின்னால், காற்று கூட்டத்திலிருந்து அதன் பக்கம் வீசும் திசையில் வையுங்கள். 60 மீற்றர் கேபிள் போகும் என்றால் 4 சதுர மில்லிமீற்றர் கம்பி எடுங்கள்: 10 அம்பியரில் 6, 7 வோல்ட் மட்டுமே விழும். 2.5 கம்பியில் 11 வோல்ட் போய்விடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு விளக்குக்கூட எரியக் கூடாது. அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு மாலையும் அழுத்துங்கள். பங்குனியில் காய்ந்து கிடக்கும் மணலில் புவித்தொடுப்பு சரியாகப் பிடிக்காது. கம்பியை ஆழமாக இறக்கி, சுற்றிலும் நீர் ஊற்றி, அளந்து பார்க்க மின்னியலாளர் ஒருவரை அழையுங்கள். பொருத்திகளைப் பொலித்தீனால் இறுகச் சுற்றுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே வியர்த்து நீர் தேங்கும். கல்மேல் உயர்த்தி, கவிழ்த்த வாளிக்கு அடியில் வைப்பது மேல்.

எரிபொருளை இருட்டு முன் நிரப்புங்கள். ஓடும், சூடான இயந்திரத்தில் ஊற்ற வேண்டாம்.

ஒன்பதாம்படி: வெயில், பனி, ஈசல்

புரொஜெக்டர்கள் பெரும்பாலும் 40 பாகை வரைதான் வேலை செய்யும். சில 35 தாண்டினாலே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பகலில் தகரப்பெட்டிக்குள் விட்டால் அந்த எல்லை காலை பத்து மணிக்கே கடந்துவிடும். கருவி அணைந்திருந்தாலும் மேலே கிடுகு வேய்ந்து நிழல் கொடுங்கள். கிடுகு தகரத்தைவிட எவ்வளவோ குளிர்ச்சி. பெட்டி செய்தால் குளிர்ந்த காற்று கீழே ஒரு பக்கத்தால் நுழைந்து, சூடான காற்று மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். வெளியேறும் காற்றே மறுபடி உள்ளே போனால் ஒரு மணிநேரத்தில் நின்றுவிடும். முன்பக்கத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் எட்டு வீத ஒளி போகும். அதைச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள், தெறிப்பு லென்ஸுக்குள் திரும்பாது. புழுதிக் காலத்தில் காற்றுவடிகட்டியை நாள்தோறும் துடையுங்கள்.

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பது இங்கே தொழில்நுட்ப எச்சரிக்கை. இரவு எட்டரைக்கு மேல் லென்ஸ் வியர்த்துப் படம் பால்போல் மங்கினால் குவிவைத் திருகாதீர்கள். மென்துணியால் ஒற்றியெடுத்து, இளஞ்சூட்டுக் காற்று காட்டுங்கள். கருவியை முன்னதாகவே ஓடவிட்டால் பனி அவ்வளவாகப் பிடிக்காது.

முதல் மழைக்குப் பின் ஈசல் புறப்படும். ஒளிக்கற்றைக்குள் அவை தீப்பொறிகள்போலப் பறக்கும், காற்றுத்துளைகளை அடைக்கும். அரை மணி முன்னதாக, முப்பது நாற்பது மீற்றர் தள்ளி ஒரு வெள்ளை விளக்கை ஏற்றி அங்கே இழுத்துக்கொள்ளுங்கள். வேப்பம்புகை போடலாமா என்று யாராவது கேட்பார்கள். புகை ஒளிக்கற்றையைக் காட்டிவிடும், படத்தின் கறுப்பைக் கெடுக்கும். கூட்டத்துக்குப் பின்னால், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் என்றால் சரி.

பத்தாம்படி: அந்த இரவு

தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன் கருவிகளை ஏற்றுங்கள்; சூடேறும்போது குவிவு நகரும், பிறகே இறுதியாகச் சரிசெய்யுங்கள். பாய் முன்னால், கதிரை பின்னால், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில், முகப்பு விளக்கு திரையில் படாதபடி. கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு அதற்கு அரை மணி முன் முடியுங்கள். முடிவில் சுவரைச் சட்டென்று இருட்டாக்க வேண்டாம். மெல்லிய மஞ்சள் ஒளியைச் சுவர் முழுக்கப் பரப்பிவிட்டால், முதியவர்கள் செருப்புத் தேடவும் பிள்ளைகள் கைகோத்து வீதிக்கு வரவும் அதுவே விளக்கு.

கழற்றும் வேலையை இரவில் செய்யாதீர்கள். லென்ஸையும் கணினியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரைக் காவலுக்கு விட்டு, மிகுதியைக் காலையில் இறக்குங்கள். கேபிள் கட்டுகளை எண்ணுங்கள், பனி காயும்வரை உறைகளை விரித்துப் போடுங்கள், முளைக் குழிகளை மூடி, பிளாஸ்டிக் பட்டிகளை மாடு தின்னாதபடி பொறுக்குங்கள். படைப்பின் பிரதியொன்றும் ஸ்கேன் செய்த குடும்பப் படங்களும் அடங்கிய பென்டிரைவைச் சனசமூக நிலையத்தில் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரை அப்படியே விடுவதா, பழைய நிறத்துக்கு மாற்றுவதா என்பதைக் களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.